வெள்ளைப் பையில் வந்தது

விடியும் முன்பே கொதிகலன் மூச்சுவிடத் தொடங்கிவிடும். ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், ஜன்னலே இல்லாத எங்கள் சலவைக்கூடத்தில், பொழுது புலர்ந்ததைச் சொல்ல அந்தச் சத்தம்தான் உண்டு. நனைந்த விரிப்புகளை இயந்திரத்தின் வாயிலிருந்து இழுப்பது முரண்டு பிடிக்கும் கன்றை இழுப்பது போல. தோள் இறங்கிப்போகும். காரத்தில் ஊறி ரேகை அழிந்த எங்கள் விரல்களை வருகைப் பதிவு இயந்திரம் அடையாளம் கண்டுகொள்ளாது.

"நீ யாருன்னு மிஷினுக்கே தெரியலையாம்டி," என்பாள் மடிப்பு அக்கா. "முதலாளிக்கு மட்டும் தெரியுமாக்கும்!"

அவள் மடித்த விரிப்பின் ஓரம் கையை அறுக்கும் என்று கேலி செய்வோம். அப்படி வந்த பெயர் அது.

எந்த மூட்டையைப் பிரித்தாலும் ஒவ்வொரு துணியாக உதறிப் போடுவது எங்கள் பழக்கம். மூக்குக்கண்ணாடி, பல்செட், சில நேரம் ஊசிகூட விழும். பல்செட் ஒன்று சிக்கி இயந்திரமே நின்றுபோன நாளிலிருந்து, உதறாமல் போட எங்களுக்குக் கை வராது. தொற்று பரவிய பிறகு ஒரு விதிவிலக்கு வந்தது. காய்ச்சல் வார்டுத் துணி சிவப்புப் பையில் வரும். அதைப் பிரிக்கவே கூடாது. பையோடு கொதிநீரில் போட்டு இரண்டு முறை துவைக்க வேண்டும். வெள்ளைப் பை என்றால் பயமில்லை, உதறலாம்.

மடிப்பு அக்காவின் தம்பிக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுவிட்டது. டயாலிசிஸ் ஊசி ஏறி ஏறி அவன் கை முண்டும் முடிச்சுமாக இருக்கும். அக்காவின் சிறுநீரகம் பொருந்தியது. தேதி குறித்த நேரத்தில்தான் தொற்று வந்தது. உறுப்பு மாற்றுகளை நிறுத்தி, அந்தப் படுக்கைகளையும் காய்ச்சல்காரர்களுக்குக் கொடுத்தார்கள். மாதங்கள் கழித்து அறுவை அரங்கைத் திறந்தபோது, கொடுப்பவர், பெறுபவர் இருவருக்கும் தொற்று இருக்கக் கூடாது என்றார்கள்.

அக்கா விடுப்புக் கேட்டாள். சலவையை ஒப்பந்தம் எடுத்திருந்த முதலாளி உருகிப்போனார்.

"நீ எனக்குக் கூடப்பிறந்தவ மாதிரிம்மா. ஆள் இல்லாத நேரத்துல லீவு கேக்காத. வெள்ளைப் பை மட்டும் பாரு. சிவப்பு உன் பக்கமே வராது. இது என் வாக்கு."

நாங்கள் எல்லோரும் அங்கேதான் நின்றோம். அவர் நல்லவர் என்று அன்று பேசிக்கொண்டோம்.

ஆஸ்பத்திரியில் சேர வேண்டிய காலையில் சோதனை செய்தார்கள். அக்காவுக்குத் தொற்று இருந்தது. இவர்களுடைய முறை வேறொரு குடும்பத்துக்குப் போனது. கொடுப்பவர் கவனமாக இல்லை என்று சொல்லி, மருத்துவர் இவர்களைக் கடைசிக்குத் தள்ளிவிட்டார். அரங்கை மறுபடி மூடப்போவதாகவும் பேச்சு அடிபட்டது.

அக்கா தனியறையிலிருந்து போனில் அழுதாள். "பஸ்ல கம்பியப் பிடிச்சேனே, அதுவா இருக்குமோ? தெருக் குழாயில நின்னேனே, அதுவா? என் தம்பிய நானே கொன்னுட்டேன்டி."

அந்த வாரமே காய்ச்சல் வார்டு ஆயா எதற்கோ கீழே வந்தாள். வெள்ளைப் பையிலிருந்து எடுத்த பச்சைக் கம்பளியை நான் உதறிக்கொண்டிருந்தேன். அவள் போட்ட கூச்சலில் இயந்திரச் சத்தம்கூட அடங்கிவிட்டது போலிருந்தது.

"அடிப்பாவி, கீழ போடு! எங்க வார்டுப் பெரியவர் வீட்லேர்ந்து கொண்டுவந்த கம்பளி அது. நேத்துதான் போய்ச் சேர்ந்தாரு. என் கையால சிவப்புப் பையில கட்டுனேன்!"

எல்லோரும் திரும்பி, வார்டுகளிலிருந்து மூட்டைகளைக் கீழே கொண்டுவரும் துணிவண்டி மாமாவைப் பார்த்தோம். அவர் சுவரைப் பார்த்தார்.

"முதலாளிதான் மாத்திக் கட்டச் சொன்னாரு. சிவப்புன்னா ரெண்டு தடவ ஓட்டணும், வேலை தேங்குதுன்னாரு."

"அக்கா இப்படி மாத்திக் கட்டுன பையப் பிரிக்கும்போது பாத்துக்கிட்டுதானே இருந்தீங்க மாமா?"

அவருடைய மகள் பிரசவத்துக்கு அக்கா ரத்தம் கொடுத்திருந்தாள். வண்டியின் கைப்பிடியைப் பிடித்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

முதலாளி மாடி அறையிலிருந்து இறங்கி வந்தார். "பையோட கலரப் பாத்தா வைரஸ் வருது?"

"அது பாக்காது சார். நாங்க பாக்குறோம்," என்றாள் ஆயா.

"நீ என் ஆளே இல்ல. மேல போ."

"நாங்க உங்க ஆளுதானே?" என்றேன். "கூடப்பிறந்தவன்னு வேற சொன்னீங்களே. டாக்டர்கிட்ட வந்து உண்மையச் சொல்லுங்க. அக்கா மேல தப்பு இல்லேன்னு தெரிஞ்சா முறையத் திருப்பித் தருவாங்க."

"சொன்னா கான்ட்ராக்டே போயிடும். இஷ்டம் இருக்கறவங்க வேலை செய்ங்க. வெளியில ஆளா இல்ல?"

வேலையை நிறுத்தலாம் என்றது ஒரு குரல். மேலே நோயாளிகள் அழுக்கு விரிப்பிலா படுப்பார்கள் என்றது இன்னொன்று. கொதிகலன்கார அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "நிறுத்த வேண்டாம். இனிமே எல்லாப் பையும் நமக்குச் சிவப்புதான். எதையும் பிரிக்கக் கூடாது, உதறக் கூடாது. ரெண்டு கொதி. எவ்வளவு நேரம் ஆனாலும் ஆகட்டும்."

மதியத்துக்குள் மூட்டைகள் கூரையைத் தொட்டன. விரிப்பு எங்கே என்று வார்டுகள் கேட்டன. மேலே போன ஆயா ஒவ்வொரு வார்டாகக் காரணத்தைச் சொன்னாள். முதலாளி கொதிகலனுக்கு எரிபொருளை நிறுத்தினார்.

இயந்திரங்கள் ஓய்ந்தன. காதில் இரைச்சல் மட்டும் மிச்சமிருந்தது. நாங்கள் வெளியே வந்து, உறுப்பு மாற்று மருத்துவரின் அறை வாசலுக்குப் போனோம். வண்டி மாமா எல்லோருக்கும் முன்னால் போனார். "மாத்திக் கட்டுனது என் கை. நானே டாக்டர்கிட்டச் சொல்றேன். வேலை போனா போகட்டும்." யாரும் அவருடன் பேசவில்லை. ஆனால் வழிவிட்டோம்.

மருத்துவர் அறுவை அரங்கில் இருந்தார். காத்திருக்கச் சொன்னார்கள். சேதி கேட்டு டயாலிசிஸ் முடிந்த கையோடு தம்பி வந்துவிட்டான். கட்டுப்போட்ட கை, முகக்கவசத்துக்கு மேலே குழிந்த கண்கள்.

"அக்கா வர முடியாதுல்ல," என்றான். "அவளுக்காக நான் நிக்கிறேன்."

"எல்லாரும் தள்ளி நில்லுங்க!" என்று ஆயா அதட்டினாள். "அந்தப் புள்ளைக்கு எதுவும் ஒட்டிடக் கூடாது. இன்னும் தள்ளி!"

தள்ளினோம். வேலை முடிந்து வந்த வார்டு ஆயாக்களும் துப்புரவுக்காரர்களும் ஒரு கேள்வியும் கேட்காமல் பின்னால் சேர்ந்துகொண்டார்கள். சேர்ந்தவர் ஒவ்வொருவரும் தம்பிக்காக இடைவெளி விட்டு நின்றார். நாங்கள் அதிகம் பேர் இல்லை. ஆனால் அப்படி விலகி விலகி நின்றதில் வரிசை தாழ்வாரத்தைத் தாண்டி, வாசலைத் தாண்டி, தெருமுனைவரை போய்விட்டது. மாடி ஜன்னலில் முதலாளி நின்றிருந்தார். வரிசை எங்கே முடிகிறது என்று அவர் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.