சற்று நேரம் கழித்து முயலவும்

என் கணவருக்கு ஆபீஸில் பஞ்சு என்று பெயர். ஆள் ஒன்றும் பருமன் இல்லை. கெட்ட செய்தி எதுவானாலும் பஞ்சில் சுற்றித்தான் கொடுப்பார், அதனால் வந்த பெயர். ஒரு முறை ஒருவரை வேலையை விட்டு எடுத்தார்கள். அதை அவரிடம் சொல்லும் பொறுப்பு இவர் தலையில் விழுந்தது. இவர் பேசி முடித்ததும் அந்த மனிதர் தனக்குப் பதவி உயர்வு வரப்போகிறது என்று நினைத்துக்கொண்டு சந்தோஷமாகக் காப்பி குடிக்கப் போனார். இப்படிப்பட்ட ஆளை எவள் கட்டிக்கொள்வாளோ என்று அன்றைக்கு நான் விழுந்து விழுந்து சிரித்தேன். நான்தான் கட்டிக்கொண்டேன்.

இரண்டு பேருக்கும் ஒரே இடத்தில் வேலை. ஆஸ்பத்திரிகளில் முன்பதிவு செய்யும் ஆப் எங்களுடையது. நோயாளி போனில் பொத்தானை அழுத்தினால் அது எங்கள் சர்வருக்கு வரும். சர்வர் நாளும் நேரமும் பார்த்துப் பதில் அனுப்பும். சர்வரின் உள்வேலையை எழுதுபவர் அவர். எங்கே குத்தினால் அது உடையும் என்று பார்ப்பவள் நான். ஆபீஸில் அவரை 'நீ' என்பேன், அவருடைய அக்கா எதிரில் 'நீங்க' என்பேன், சண்டை வந்தால் இரண்டும் கிடையாது.

ஒரு நாள் சர்வருக்குள் ஏதோ கோளாறு. அது அப்படியே ஒரு நோயாளியின் திரையில் போய்க் கொட்டிவிட்டது. எந்த ஃபைல், எந்த வரி, உள்ளே எந்த டேபிள், எல்லாம் பட்டவர்த்தனமாக. அவர் அதைப் படம் பிடித்து நாலு பேருக்கு அனுப்பிவிட்டார். மேனேஜர் குதித்தார்.

"நம்ம குடல உருவி வெளியில போட்ட மாதிரி இருக்குய்யா. இனிமே என்ன எரர் வந்தாலும் ஒரே எடத்துல பிடிங்க. ஜனங்களுக்கு ஒரே ஒரு மெசேஜ், மரியாதையா நாலு வார்த்தை. அவ்வளவுதான்."

வேலை பஞ்சுவிடம் வந்தது. சர்வருக்குள் எங்கே எது உடைந்தாலும் கடைசியில் வந்து விழும்படி ஓர் இடம் கட்டினார். எரர் ஹேண்ட்லர் என்று அதற்குப் பெயர். நன்றாகவே கட்டினார், அதில் குறை சொல்ல மாட்டேன். உடைந்த விவரமெல்லாம் எங்கள் உள்பதிவேட்டில் போய்ச் சேரும், வெளியே மெசேஜ் மட்டும் போகும். அந்த மெசேஜுக்கு அவர் பட்ட பாடு இருக்கிறதே, எங்கள் கல்யாணப் பத்திரிகைக்குக்கூட அவ்வளவு யோசிக்கவில்லை. கடைசியில் இப்படி வந்தது: 'மன்னிக்கவும், சிறு தடங்கல். அன்புகூர்ந்து பொறுத்திருந்து, சற்று நேரம் கழித்து முயலவும்.'

எனக்குச் சுருக்கென்றது. உடைவதில் இரண்டு வகை உண்டு. சர்வர் கூட்டம் தாங்காமல் மூச்சு முட்டி நிற்பது ஒரு வகை. சற்று நேரம் கழித்து முயன்றால் அதற்குப் பலன் இருக்கும். இன்னொன்று, ஒருவருடைய விவரத்திலேயே குறை இருப்பது. அவர் ஆயுசு முழுக்க அழுத்தினாலும் அதே இடத்தில்தான் உடையும்.

"ரெண்டுக்கும் ஒரே மெசேஜ் போட்டா எப்படி? நடக்காதத நடக்காதுன்னு சொல்லு" என்றேன்.

"எடுத்த எடுப்புல நடக்காதுன்னா பாவம், பதறிடுவாங்க."

"பதறட்டும். பதறினாத்தான் நமக்கு போன் பண்ணுவாங்க."

"போன் வேற வரணுமா?" என்று மேனேஜர் நடுவில் புகுந்தார். "அடுத்த ரிலீஸ்ல பாத்துக்கலாம்மா."

எங்கள் தொழிலில் அடுத்த ரிலீஸ் என்றால் எப்போதும் இல்லை என்று அர்த்தம். இதோடு நிற்கவில்லை. எல்லாப் பிழையும் 'தற்காலிகம்' என்ற ஒரே பெயரில் பதிவானதால், எங்களை உசுப்பும் அலாரம் எதற்குமே அடிக்கவில்லை. தானாகச் சரியாகிவிடும் என்று நாங்களே பெயர் சூட்டிவிட்டதற்கு அது எதற்காக அடிக்கும்? நான் தொண்டை வற்றக் கத்திப் பார்த்தேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மேனேஜர் சொன்னபடி ஹேண்ட்லர் வேலை செய்கிறதா என்று கேட்டால், செய்தது. டெஸ்ட் பாஸ் என்று போட்டேன். புகார்கள் நின்றுபோயின. மேனேஜர் பஞ்சுவின் முதுகில் தட்டிக் கொடுத்தார்.

இவருடைய அக்காவை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். எங்கள் கட்டடத்திலேயே மேல்மாடியில் தனியாக இருக்கிறார். பள்ளிக்கூடங்களுக்கும் கம்பெனிகளுக்கும் சீருடை தைக்கும் கடையில் கட்டிங் வேலை. அம்மா போன பிறகு இவரை வளர்த்து ஆளாக்கியது அவர்தான். கல்யாணம் என்று யாராவது பேச்செடுத்தால், "ஏற்கெனவே ஒரு புள்ள இருக்கு, அத யாரு தலையில கட்டறது?" என்று சிரிப்பார். அந்தப் பிள்ளையை என் தலையில் கட்டினார். எனக்கு மாமியார் இல்லாத குறையை அவர் தீர்த்ததும் உண்டு, அதற்காக நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டதும் உண்டு. ஆனால் எனக்குக் காய்ச்சல் என்றால் கதவைத் தட்டாமல் உள்ளே வரும் ஆள் அவர் ஒருவர்தான்.

கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் தன் போனைக் காட்டி, "இது என் தம்பி செஞ்சது" என்பாராம். தடங்கல் மெசேஜைக்கூடக் காட்டுவாராம். "பாருங்க, எவ்வளவு பதவிசா எழுதியிருக்கான்."

விடுமுறை நாளில் மதியச் சாப்பாடு எங்கள் வீட்டில். அன்றும் அண்ணி கீழே வந்து உட்கார்ந்தார். பாதிச் சாப்பாட்டில், ஏதோ கடை விலை கேட்பது போலக் கேட்டார்.

"ஏண்டா, சற்று நேரம் கழிச்சுன்னு எழுதியிருக்கியே, அது எவ்வளவு நேரம்?"

இவர் சிரித்தார். "அது சும்மா ஒரு பேச்சுக்குக்கா. அஞ்சு நிமிஷம், பத்து நிமிஷம். எதுக்கு?"

"இல்ல, நானும் பாத்துக்கிட்டேதான் இருக்கேன். அதேதான் வருது."

"எப்பலேருந்து?" என்று நான் கேட்டேன்.

"மழ ஆரம்பிச்சப்போ."

மழைக்காலம் முடிந்து, வெளியே வெயில் காய்ந்துகொண்டிருந்தது. "எதுக்கு அண்ணி புக் பண்ணீங்க?" என்றேன். அவர் சாப்பிடாத கையைத் தூக்கி, மறு பக்க அக்குளைத் தொட்டுக் காட்டினார். ஒரு கட்டி. தெருமுனை டாக்டர் பார்த்துவிட்டு, பெரிய ஆஸ்பத்திரியில் உடனே ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்கிறார். அங்கே ஸ்கேனுக்கு எங்கள் ஆப் வழியாகத்தான் பதிவு.

இவர் கையைக்கூடக் கழுவாமல் லேப்டாப்பைத் திறந்தார். நான் பின்னால் நின்று பார்த்தேன். அண்ணிக்குத் தன் பிறந்த தேதி தெரியாது. ஆஸ்பத்திரியின் பழைய பதிவில் அந்த இடம் காலி. ஸ்கேனுக்கு வயது வேண்டும். சர்வர் தேதியிலிருந்து வயதைக் கணக்குப் போடப் போய், தேதி இல்லாமல் உடைந்து, ஹேண்ட்லரில் வந்து விழுந்திருக்கிறது. தினமும் கடையில் டீ நேரத்தில் அண்ணி அழுத்தியிருக்கிறார். தினமும் அதே இடத்தில் உடைந்திருக்கிறது. தினமும் அவருடைய தம்பி அன்புகூர்ந்து பொறுத்திருக்கச் சொல்லியிருக்கிறார்.

"எங்ககிட்ட ஏன்க்கா சொல்லல?" என்றார் அவர். "மாடிதானே? எறங்கி வந்து ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

அண்ணிக்கு அவர் ஏன் இப்படிக் கேட்கிறார் என்றே புரியவில்லை. "நீதானேடா பொறுத்திருக்கச் சொல்லி எழுதியிருந்த? வேற எவனாவது எழுதியிருந்தா சண்ட போட்டிருப்பேன். நீ சொன்னா செஞ்சு குடுத்துடுவேன்னு இருந்தேன். நடுவுல வந்து நச்சரிச்சா உனக்கு வேலயில கெட்ட பேரு வராதா?"

மறுநாளே நேரில் அழைத்துப் போனோம். வரவேற்பில் இருந்த பெண் உத்தேசமாக ஒரு தேதியைப் போட்டாள், வேலை முடிந்தது. பிறகு ஸ்கேன், ஊசியில் சதை எடுத்துச் சோதனை, காத்திருப்பு. முடிவு வந்த அன்று அண்ணி திரைக்குப் பின்னால் உடை மாற்றிக்கொண்டிருந்தபோது டாக்டர் எங்களை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். கட்டி மார்பில் தொடங்கி நுரையீரல் வரை போய்விட்டது. வலி தெரியாமல் வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

"மழை ஆரம்பிச்சப்பவே வந்திருந்தா அங்கயே வெட்டி எடுத்திருக்கலாம். இவ்வளவு நாள் என்ன பண்ணிட்டிருந்தீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

அண்ணி வெளியே வந்ததும் டாக்டர் முகத்தை மாற்றிக்கொண்டார். "மாத்திரை எழுதியிருக்கேன்மா, சாப்பிடுங்க, பாக்கலாம்." அண்ணி அவருக்கு ஒரு கும்பிடு போட்டார்.

அந்த வாரம் பஞ்சு ஹேண்ட்லரைப் பிரித்துப் போட்டார். யாரிடமும் கேட்கவில்லை. திரும்ப முயன்றால் நடக்கக்கூடியது ஒரு பக்கம், நடக்கவே நடக்காதது மறு பக்கம். இரண்டாவதற்கு அவர் எழுதிய மெசேஜில் அன்பும் இல்லை, பொறுமையும் இல்லை: 'நீங்கள் எத்தனை முறை முயன்றாலும் இது நடக்காது. தவறு எங்களுடையது. காத்திருக்க வேண்டாம், இந்த எண்ணுக்கு இப்போதே பேசுங்கள்.' ஒரே ஒருவருக்கு அப்படி நேர்ந்தாலும் எங்கள் எல்லோர் போனும் அலறும்படி வைத்தார்.

மேனேஜர் படித்துவிட்டு முகம் சுளித்தார். "என்னய்யா இது, மூஞ்சில அடிச்ச மாதிரி இருக்கு? கொஞ்சம் பூசி மெழுகிப் போடக் கூடாதா?"

"கூடாது" என்றார் பஞ்சு. அதற்கு முன்னும் பின்னும் ஒரு வார்த்தை இல்லை. ஆபீஸே திரும்பிப் பார்த்தது. மேனேஜர் இவருடைய முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டார். நான் புது ஹேண்ட்லரை மூலைமுடுக்கெல்லாம் குத்திப் பார்த்தேன். எங்குமே தப்பு இல்லை. பாத்ரூமுக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

வீட்டில் நாங்கள் இருவரும் நன்றாக நடித்தோம். அண்ணியைக் கீழே எங்கள் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டோம். கடைக்குப் போக வேண்டாம், மாத்திரை வேலை செய்யட்டும் என்றோம். அவர் சும்மா இருக்கிற ஆளா? ஜன்னலோரம் உட்கார்ந்து என் பழைய ரவிக்கைகளைப் பிரித்துத் தைக்கத் தொடங்கினார். கத்தரிக்கோல் பிடித்த கையை இப்போதெல்லாம் பாதியில் இறக்கி வைத்துவிடுவார்.

ஒரு சாயங்காலம் நாங்கள் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டார். "டேய், இங்க வந்து உக்காரு. டாக்டர் என்ன சொன்னாரு?"

"மாத்திர சாப்பிடச் சொன்னாருக்கா. கொஞ்ச நாள்ல..."

"கொஞ்ச நாள்ல?"

அவர் தரையில், அக்காவின் காலடியில் உட்கார்ந்துவிட்டார். "சரியாகாதுக்கா. இனிமே சரியாகாது."

அண்ணி ஜன்னல் பக்கம் பார்த்தார். கீழே தெருவில் யாரோ வண்டியைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தார்கள். "நெனச்சேன்" என்றார். குரலில் நடுக்கமில்லை. "ரெண்டு பேரும் என்னப் பாத்துப் பாத்துச் சிரிக்கிறப்பவே நெனச்சேன். விடு. எல்லாரும் போறதுதான்."

அதோடு முடிந்தது என்று நினைத்து நான் மூச்சு விட்டேன். அப்போதுதான் அண்ணி அடுத்ததைக் கேட்டார்.

"மழ ஆரம்பிச்சப்பவே போயிருந்தா?"

நான் அண்ணியின் பின்னால் நின்றுகொண்டு இவரைப் பார்த்து வேண்டாம், வேண்டாம் என்று தலையாட்டினேன். நடக்காததை நடக்காது என்று சொல் என்று கத்தியவள் நான்தான். அந்த நிமிஷம் அவர் பொய் சொல்ல வேண்டும் என்று உயிர் துடித்தது. அப்பவே போயிருந்தாலும் இதேதான்க்கா என்று ஒரு வார்த்தை. அவரால் முடியாதா? வாழ்நாளெல்லாம் அதைத்தானே செய்தார்?

"பொழச்சிருப்பக்கா" என்றார் என் கணவர்.

அண்ணி மடியிலிருந்த துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"இத நீ சொல்லாமலே இருந்திருக்கலாம்டா" என்றார்.

இவர் அவருடைய முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். முப்பது வருஷமாக இவர் அழுதால் உடனே தலைக்குப் போகும் கை அது. அன்றைக்குப் போகவில்லை. அந்தத் துணியின் மேலேயே இருந்தது. நான் விளக்கைப் போடப் போனேன், போடவும் தோன்றாமல் சுவரோடு நின்றுவிட்டேன். அறை இருட்டிக்கொண்டு வந்தபோது அண்ணி மெல்லக் கையை எடுத்து அவர் தலைமேல் வைத்தார்.