அம்மாவுக்கு வந்த முதுகுவலி

என் மனைவி ஒன்றரை வருஷம் வேலைக்குப் போகவில்லை. புதிதாக வேலை கேட்டுப் போனால் முதலில் அதைப் பற்றித்தான் கேட்பார்கள். உண்மையான காரணம் வீட்டில் அவள், நான், என் அம்மா என எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். அதை வெளியில் சொல்வதா வேண்டாமா என்பதுதான் எங்களுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

அவள் பல் செய்கிறவள். பல் டாக்டர் நோயாளியின் வாயில் அளவெடுத்து அனுப்புவார். அந்த அளவுக்கு மெழுகில் செதுக்கி, பீங்கான் பூசி, சூளையில் சுட்டு, பக்கத்துப் பல்லின் நிறத்தோடு சேர்கிற மாதிரி நிறமேற்றி அனுப்புகிற லேப்பில் இருந்தாள். கல்யாணமான புதிதில் நான் சிரித்தால் என் கண்ணைப் பார்க்க மாட்டாள். "மேல ரெண்டாவது பல்லு ஒரு சாயல் மஞ்சள்" என்பாள். நான் அதைக் கொஞ்சலாகவே எடுத்துக்கொண்டேன்.

பிறகு அவளுக்கு மனம் நோய்ப்பட்டது. ஒரே நாளில் அல்ல, சுவரில் ஈரம் ஏறுவதுபோல. நான் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். இரண்டு மாடிக்கு நடுவே யாராவது மாட்டிக்கொண்டால், கதவைத் திறக்கும்வரை வெளியே நின்று அவர்களோடு பேசிக்கொண்டே இருக்க வேண்டும். அது எங்கள் வேலையில் எழுதாத சட்டம். வேலையில் எனக்கு அது நன்றாக வரும். வீட்டில் வரவில்லை. அவளோடு சேர்ந்து நானும் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். சில வாரங்கள் ஆஸ்பத்திரி, அதன் பிறகு வீடு, மாத்திரை. மாத்திரை ஒத்துக்கொண்டது. ஒரே தொல்லை, காலையில் அதைப் போட்டால் கொஞ்ச நேரம் விரல் நடுங்கும். பத்து மணிவாக்கில் நின்றுவிடும். லேப்புகளோ எட்டு மணிக்கே திறந்துவிடும்.

அம்மா இதை வெளியில் மூச்சு விடவில்லை. "மருமக ஏன் வேலைக்குப் போறதில்ல?" என்று எதிர்வீட்டுக்காரி கேட்டபோது, "எனக்கு முதுகு போச்சு, அவதான் பாத்துக்கறா" என்று சட்டென்று சொல்லிவிட்டாள். சொன்ன சொல்லுக்காக அன்றிலிருந்து தெருவில் இறங்கினால் இடுப்பில் கை வைத்துக்கொண்டுதான் நடந்தாள். வீட்டுக்குள் வந்ததும் கட்டிலை ஒற்றை ஆளாக இழுத்துப்போட்டுப் பெருக்குவாள்.

நேர்காணலுக்கு முந்தின நாள் சாயங்காலம் சமையலறையில் ஒத்திகை பார்த்தோம். நான்தான் லேப் முதலாளி.

"இவ்வளவு நாள் ஏம்மா வேலைக்குப் போகல?" என்றேன்.

"முதலாளி இப்படிப் பல்லைக் காட்டிக்கிட்டா கேப்பாங்க?" என்றாள் அம்மா. "கொஞ்சம் முறைச்சுக் கேளுடா."

முறைத்துக் கேட்டேன். மனைவி மேசை விளிம்பை விரலால் தேய்த்தபடி, "மாமியாருக்கு உடம்பு முடியல" என்றாள்.

"அப்படிச் சொல்லு. மாமியார் படுத்த படுக்கைன்னு சொல்லு. எனக்கு என்ன நோய் வேணுமோ எடுத்துக்கோ, கண்ணு. நான் தாங்குவேன்."

"அத்தை, நான் பத்து மணிக்கு வரேன்னு கேக்கணும். அதுக்கு என்ன சொல்ல?"

"காலையில எனக்கு மருந்து போடணும்னு சொல்லு."

"கை நடுங்கறதை யாராவது பாத்துட்டா?"

அம்மா அடுப்பைத் துடைக்க ஆரம்பித்தாள். நான், "இப்போதைக்கு வேலை கிடைக்கட்டும். மத்ததை அப்புறம் பாத்துக்கலாம்" என்றேன். பழைய லேப்பில் அவள் லீவு கேட்டபோது காரணம் தெரிந்துவிட்டது; அன்றிலிருந்து, அவள் வேலையை விடும்வரை, யாரும் அவளுக்கு நல்ல வேலை தரவில்லை. கழுவுவதும் பெட்டி கட்டுவதும்தான். அது எங்கள் மூன்று பேர் மனதிலும் இருந்தது.

மறுநாள் அவளோடு நானும் போனேன். லேப் மாடியில் இருந்தது. நான் கீழே, படியோரம் நின்றேன். மேலே சின்ன மோட்டார்கள் சுழலும் சத்தம் கேட்டது. அவள் இறங்கி வந்தபோது முகத்தில் எதுவும் தெரியவில்லை. கைப்பையின் பட்டையில் மெழுகுத் துகள் ஒட்டியிருந்தது. செதுக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று மட்டும் புரிந்தது.

பேருந்தில் சன்னலோரம் உட்கார்ந்தாள். நான் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது மரியாதையா பயமா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. பாதி வழி தாண்டியிருக்கும்.

"சொல்லிட்டேன்" என்றாள்.

"எதை?"

"எல்லாத்தையும். ஆஸ்பத்திரி, மாத்திரை, கை நடுங்கறது. ஒரு கடைவாய்ப் பல்லு செதுக்கச் சொன்னாங்க. செதுக்கிக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, 'இவ்வளவு நல்ல கையை ஏன் சும்மா வச்சிருந்தீங்க'ன்னு கேட்டாங்க. அந்தக் கேள்விக்கு உங்க அம்மா முதுகைச் சொல்ல எனக்கு மனசு வரல."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. யோசிக்கறேன்னாங்க. வேலையில இருக்கும்போது எனக்கு முடியாமப் போனா யாருக்குச் சொல்றதுன்னு கேட்டாங்க. நீங்க லிஃப்ட் குழிக்குள்ள இருந்தா போனை எடுக்க மாட்டீங்க. அதனால அத்தை நம்பரைக் கொடுத்தேன்."

நான் தலையாட்டினேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். விரல்கள் அசையாமல் இருந்தன. அம்மாவுக்கு உடனே ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும் என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

வீட்டுக்குள் நுழைந்தால், அம்மா கட்டிலில் கழுத்துவரை போர்த்திக்கொண்டு படுத்திருந்தாள்.

"என்னம்மா ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. கதவைச் சாத்து." எழுந்து உட்கார்ந்தாள். முகமெல்லாம் பெருமை. "அந்த லேப்காரம்மா போன் பண்ணாங்க. 'உங்க மருமக இங்க வந்திருந்தாங்க, அவங்களைப் பத்திப் பேசணும்'னாங்க. விடுவேனா? நான் படுத்த படுக்கை, ஒன்றரை வருஷமா அவதான் எனக்கு எல்லாம் செய்யறா, அவளுக்கு ஒரு தலைவலிகூட வந்ததில்லைன்னு அடிச்சு விட்டேன். நடுவுல இருமினேன்கூட."

நானும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவள் மெதுவாகக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"முதுகுக்கு எதுக்கு அத்தை இருமல்?"

"முதுகோட நிறுத்தல, கண்ணு. கொஞ்சம் சிறுநீரகமும் சேத்துக்கிட்டேன்."

"நான் உண்மையைச் சொல்லிட்டேன், அத்தை."

அம்மா போர்வையைப் பிடித்திருந்த கையை எடுக்கவே இல்லை. மூன்று பேரும் ஒரே விஷயத்தைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தோம். மருமகள் ஒன்று சொல்கிறாள், மாமியார் ஒன்று சொல்கிறாள், இந்த வீட்டில் யாரை நம்புவது என்று அந்த லேப்கார அம்மாள் நினைத்திருப்பார். வேலை போனது என்றே நான் முடிவு செய்துவிட்டேன்.

"நான் பேசறேன்" என்று போனை எடுத்தேன்.

"நீ வை. பொய் சொன்னது நானு" என்று அம்மா அதைப் பிடுங்கிக்கொண்டாள். அவளுக்கு போனைக் காதில் வைத்துப் பேச வராது. ஸ்பீக்கரில் போட்டு, கண்ணாடி பார்ப்பதுபோல முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொள்வாள்.

"மேடம், நான்தான். கொஞ்சம் முன்னாடி பேசினேனே."

"சொல்லுங்கம்மா. முதுகு எப்படி இருக்கு?"

"முதுகு கல்லு மாதிரி இருக்கு. எனக்கு ஒண்ணுமே இல்ல." அம்மா போனை இன்னும் கிட்டே பிடித்துக்கொண்டாள். "அவளுக்குத்தான் உடம்பு..." நிறுத்தினாள். "உடம்பு இல்ல. மனசு. மனசு சரியில்லாம ஆஸ்பத்திரியில இருந்தா. அவ சொன்னதுதான் நிஜம்."

அந்த வார்த்தையை அம்மா சொல்லி நான் கேட்டதே இல்லை. வீட்டுக்குள்கூட 'அந்தச் சமயம்' என்றுதான் சொல்வாள். மனைவி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ ஏம்மா அப்படிச் சொன்னீங்க?"

"அவ உங்ககிட்ட சொல்லியிருப்பான்னு எனக்குத் தெரியாது. அவளுக்குத் துணையா நிக்கறேன்னு நினைச்சுக்கிட்டேன். இதுல அவ தப்பு ஒண்ணும் இல்ல."

அந்த அம்மாள், "நான் போன் பண்ணதே ஒண்ணு கேக்கத்தான். அதைக் கேக்க விடாம இருமிட்டீங்க" என்றார். குரலில் சிரிப்பு இருந்ததா என்று சொல்ல முடியவில்லை. "அவங்களுக்கு மறுபடி முடியாமப் போனா, எனக்கு எப்படித் தெரியும்? எதைப் பாத்து நான் உங்களைக் கூப்பிடணும்?"

அம்மா யோசிக்கவே இல்லை. "பேச்சு கொறையும், மூஞ்சி வாடும்னு பாத்துக்கிட்டு இருக்காதீங்க. அதெல்லாம் கடைசியிலதான் வரும். முதல்ல, எதுக்கும் மறுத்துப் பேச மாட்டா. எது கொடுத்தாலும் நல்லா இருக்கும்பா. சண்டைக்கு வர மாட்டா, தனக்குன்னு ஒண்ணும் கேக்க மாட்டா. பக்கத்துல இருக்கறவங்க, என்ன தங்கமான பொண்ணுன்னு நினைப்பாங்க. அப்போ கூப்பிடுங்க."

அவள் அப்படி இருந்த மாதங்களை நான் நல்ல மாதங்கள் என்று நினைத்திருந்தேன். மனைவி நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். எல்லாவற்றையும் ஒருத்தி பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள் என்பது அவளுக்கும் அப்போதுதான் தெரிந்திருக்க வேண்டும்.

"சரிம்மா" என்றார் அந்த அம்மாள். "இந்த மாதிரி ஆளை நான் வேலைக்கு வச்சதில்ல. எனக்கும் இது புதுசு. ஒரு மாசம் பாப்போம். திங்கட்கிழமை பத்து மணிக்கு வரச் சொல்லுங்க. பல்லு வேலையேதான், கழுவற வேலை இல்ல. உள்ளே சுவரோரமா ஒரு மேசை காலியா இருக்கு, அதுல உக்காரட்டும்."

அம்மா நன்றி சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் மனைவி கையை நீட்டி போனை வாங்கிக்கொண்டாள்.

"மேடம், நான் பேசறேன். சுவரோரம் எனக்கு வேண்டாம். சன்னலோர மேசை கொடுங்க. ட்யூப் லைட்டுல பல்லு நிறம் தப்பாத் தெரியும்."

"அங்க ஏற்கெனவே ஆள் இருக்காங்களேம்மா."

"அவங்க பாதி நேரம் மெழுகு வேலைதானே பாத்துக்கிட்டு இருந்தாங்க? மெழுகுக்கு எதுக்கு சன்னல்? நான் வேணா அவங்ககிட்ட பேசிக்கறேன்."

"முதல்ல வாங்கம்மா. வந்து பேசிக்கலாம்."

"வந்து பேசினா நடக்காது, மேடம். இப்பவே சொல்லுங்க."

வேலை இப்போதுதான் கிடைத்திருக்கிறது, அதற்குள் என்ன வாதம் என்று நான் பதறி, அவளைப் பேசாமல் இருக்கச் சொல்லிக் கை காட்டினேன். அம்மா என் கையைத் தட்டிவிட்டாள்.

"பேசட்டும், விடுடா" என்றாள்.