மாலைச் செபத்தின் எதிர்ப்பக்கம்

லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிற மனிதருக்கு வேலையிடத்தில் ‘சாமி’ என்று பெயர் விழுந்தது என்றால் அதற்கு அவரேதான் பொறுப்பு. ஸ்பேனரும் கிரீஸ் டப்பாவும் கிடக்கிற பைக்குள் திருப்புகழ்மாலைப் புத்தகத்தையும் சுமந்துகொண்டு திரிந்தால் பிறகு எப்படிக் கூப்பிடுவார்கள்? குருக்களும் கன்னியரும் காலை, நண்பகல், மாலை, இரவு என்று வேளை தவறாமல் சொல்கிற செபங்கள் அடங்கிய தடித்த புத்தகம் அது. நிறம் நிறமாக நாடாக்கள் தொங்கும். எந்த வாரத்துக்கு எந்தப் பக்கம், எந்தத் திருநாளுக்கு எந்த நாடா என்பதெல்லாம் பிடிபடவே அவருக்கு வெகுநாள் ஆனது. பிடிபட்ட பிறகு அதை விட்டுக்கொடுத்தாரா என்றால், அதுதான் இல்லை.

“எனக்குத்தான்யா இது கட்டாயம். நீ குடும்பஸ்தன். முடிஞ்சா சொல்லு, முடியலன்னா விடு. கடவுள் உன்மேல கேஸ் போட மாட்டார்” என்று பங்குச் சாமியார் படித்துப் படித்துச் சொன்னார். யார் கேட்டார்கள்? ஒரு நாள் நண்பகலில் பக்கத்துக் கட்டடத்து லிஃப்டில் ஒரு மேனேஜர் மாட்டிக்கொண்டு கதவைக் கதவைத் தட்டியிருக்கிறார். நம் ஆள் மெஷின் ரூமில் உட்கார்ந்து திருப்பாடலை முடித்துவிட்டுத்தான் இறங்கிப் போனார். கதவைத் திறந்ததும் அந்த மேனேஜர் திட்டிய திட்டு எந்தச் செபப் புத்தகத்திலும் இல்லாதது.

அவர் மனைவி பஸ் நிலையத்தில் விசாரணைக் கவுண்டரில் இருந்தாள். கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து, எந்த பஸ் எந்த மேடையிலிருந்து எப்போது கிளம்பும் என்று மைக்கில் சொல்கிற வேலை. அவசரக் கூட்டத்துக்கு அவசரமாகச் சொல்லிப் பழகிய வாய். வீட்டிலும் அதே வேகம்தான். அவளுடைய அக்கா அவளுக்கு வைத்த பெயர் ‘எக்ஸ்பிரஸ்’. ஒன்றைச் சொல்ல ஆரம்பித்து, நடுவில் நாலு விஷயத்தைத் தொட்டு, இரண்டுக்குச் சிரித்து, ஒன்றுக்குக் கோபப்பட்டு, ஆரம்பித்த இடத்துக்கே திரும்ப வந்து நிற்பாள். கேட்கிறவர்களுக்குத்தான் மூச்சு வாங்கும்.

கல்யாணமான புதிதில் அவளேதான் கேட்டாள். “நானும் உங்ககூடச் சொல்லட்டுமா?”

அவருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். திருப்பாடலைச் சொல்வதற்கென்று ஒரு முறை இருக்கிறது. மடங்களில் இரண்டு பக்கமாக எதிரெதிரே உட்காருவார்கள். ஒரு வரியை இந்தப் பக்கம் சொன்னால் அடுத்த வரியை அந்தப் பக்கம் சொல்லும். சாப்பாட்டு மேஜைக்கு இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் அவள். அந்தச் சின்ன வீடே மடமாகிவிட்டதாக அவருக்கு நினைப்பு.

அவர் தன் வரியை முடிப்பதற்குள் அவள் தன் வரியைத் தொடங்கிவிடுவாள். அவள் வரியோ தொடங்கியதுமே முடிந்திருக்கும்.

“நடுவுல ஒரு நட்சத்திரக் குறி இருக்கு பாரு. அங்க ஒரு மூச்சு விட்டு நிறுத்தணும்” என்றார்.

“சரிங்க” என்றாள். அடுத்த வரியில் நட்சத்திரம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

“இது என்ன பஸ் அறிவிப்பா?”

முதல் முறை அவர் இப்படிக் கேட்டபோது அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். மேடை எண்ணையும் சேர்த்து அடுத்த வரியை மைக் குரலில் சொல்லிக் காட்டினாள். அவர் சிரிக்கவில்லை. மறுநாளும் நிறுத்தினார். அதற்கடுத்த நாளும் நிறுத்தினார். வரிக்கு வரி நிறுத்தித் திருத்தினால் மனுஷி எப்படித்தான் வாயைத் திறப்பாள்? ஒரு மாலை அவர் பொறுமை இழந்து, “நீ சும்மா கேட்டுக்கிட்டிரு. உன் பக்கத்தையும் நானே சொல்லிக்கிறேன்” என்றார். அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. லிஃப்டில் தேய்ந்த பாகத்தைக் கழற்றி வைப்பது மாதிரி சாதாரணமாகச் சொன்னார். அவள் புத்தகத்தை அவர் பக்கம் நகர்த்திவிட்டுப் பாத்திரம் கழுவப் போனாள். அதன் பிறகு அந்த எதிர் நாற்காலிக்கு அவள் வரவே இல்லை. அவரும் கூப்பிடவில்லை.

பிள்ளை பிறந்தது, வளர்ந்தது, பள்ளிக்கூடம் போனது. மாலைச் செபம் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. அந்த நேரத்தில் யாராவது பேச வந்தால் அவர் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்க மாட்டார். வலது கை ஆள்காட்டி விரலை மட்டும் மேலே தூக்குவார். பொறு என்று அர்த்தம். “அம்மா, அப்பா விரல் தூக்கிட்டாரு, வா போயிடலாம்” என்று மகள் சின்ன வயதிலேயே சொல்லப் பழகியிருந்தாள். அந்த விரலுக்கு அடங்கி எத்தனை பேச்சுகள் பாதியில் திரும்பிப் போயின என்று அவர் ஒரு நாளும் யோசித்ததில்லை. செபம் சொல்கிற மனிதனை யார்தான் குறை சொல்வார்கள்? அதுதான் அவருக்கு வசதியாகப் போயிற்று.

மகள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போன பிறகு ஒரு சமயம் மனைவியின் குரல் கம்மிப்போனது. கவுண்டரில் மைக்கில்தான் கோளாறு என்று நினைத்து மைக்கை மாற்றினார்கள். புது மைக்கிலும் அதே கரகரப்பு. “பேசிப் பேசித் தேஞ்சுபோச்சு, நான் என்ன பண்றது” என்று அவளே கேலி செய்துகொண்டாள். அவரும் சேர்ந்து சிரித்தார். சளிதான், வெந்நீர் குடித்தால் சரியாகிவிடும் என்றார்.

கடைசியில் அக்காதான் வந்து, பிடிவாதமாக ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். அவரும் கூடப் போனார். டாக்டர் ஸ்கேன் படங்களையெல்லாம் பார்த்துவிட்டு, “எவ்வளவு நாளா இப்படி இருக்கு?” என்றார்.

“மாசக்கணக்கா இருக்குங்க” என்றாள் அவள்.

“கொஞ்சம் முன்னாடி வந்திருந்தீங்கன்னா கதிர் சிகிச்சை கொடுத்துக் குரலைக் காப்பாத்தப் பார்த்திருக்கலாம். இப்ப குரல்வளையையே எடுத்தாகணும். உயிருக்குப் பயமில்ல. கழுத்துல ஒரு துளை போடுவோம், அதுவழியா மூச்சு விடணும். அப்புறமா கருவி வச்சுப் பேசப் பழகலாம். ஆனா இந்தக் குரல் இருக்காது.” சொல்லிவிட்டு அவரைப் பார்த்தார். “சார், உங்ககிட்ட இவங்க சொல்லவே இல்லையா?”

அவர் இல்லை என்று சொல்ல வாயெடுத்தார். அப்போதுதான் சுருக்கென்றது. ஒரு மாலையில் அவள் அடுக்களை வாசலில் தொண்டையில் கை வைத்துக்கொண்டு வந்து நின்றாள். “என்னங்க, இங்க என்னமோ…” என்று ஆரம்பித்தாள். அவர் விரல் தானாக மேலே போனது. செபம் முடிந்ததும் என்னவென்று கேட்டாரா? அன்றைக்கு ஏதோ திருநாள். நாடாவைச் சரியான பக்கத்தில் வைப்பதில் மும்முரமாக இருந்துவிட்டார்.

“சொல்லணும்னுதான் இருந்தேன், மறந்துட்டேன்” என்று அவள் டாக்டரிடம் சொன்னாள். அவரைக் காட்டிக்கொடுக்கவில்லை. காட்டிக்கொடுத்திருந்தால்கூட அவருக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

அன்றிலிருந்து அவருக்கு ஒரே எண்ணம்தான். அந்தக் குரல் போவதற்குள் அவளோடு ஒரே ஒரு மாலைச் செபம் சொல்லிவிட வேண்டும். அவள் தன் பக்கத்தைத் தன் வாயால் சொல்ல வேண்டும். எவ்வளவு வேகமாக வேண்டுமானாலும் சொல்லட்டும். கேட்பதற்குத்தான் அவருக்குத் தைரியம் வரவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பது? இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளித் தள்ளி, ஆஸ்பத்திரியில் சேர வேண்டியதற்கு முந்தின நாள் வரைக்கும் வந்துவிட்டது.

அன்று வேலையிலிருந்து சீக்கிரமே கிளம்பி வந்தார். மேஜையைத் துடைத்தார். எதிர் நாற்காலியில் மடித்துக் கிடந்த துணிகளை எடுத்துக் கட்டிலில் போட்டார். புத்தகத்தை நடுவில் வைத்தார். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து போனில் எண்ணைத் தேடிக்கொண்டிருந்தாள்.

“இன்னிக்கு… ஒரு பக்கம் நீ சொல்றியா?”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். மேஜையையும் நாற்காலியையும் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

“நாளைக்கு அப்புறம் பேச முடியாதுன்னு தெரிஞ்சதும்தான் என் பக்கம் ஞாபகம் வந்துதா?” கரகரத்த குரலில் கேட்டாள். கோபம்கூட இல்லை. “எனக்கு இன்னிக்குப் பேச வேண்டியவங்க நிறைய இருக்காங்க. கடவுளுக்கு நான் வாயைத் திறக்காமயே கேக்கும். எங்க அக்காவுக்குக் கேக்காதே.”

அவள் அக்காவுக்குப் போன் போட்டாள்.

மாலைச் செபத்துக்கு நேரமாகியும் அவர் புத்தகத்தைத் திறக்கவில்லை. இந்தப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தார். என்ன பேச்சு அது! என்றோ வாங்கிக்கொண்டு போய்த் திருப்பித் தராத புடவைக்காக அக்காவோடு சண்டை போட்டாள். சண்டை முடிவதற்குள் இரண்டு பேரும் சிரித்தார்கள். அப்புறம் கவுண்டரில் கூட வேலை செய்தவளைக் கூப்பிட்டாள். சில்லறைக்காகக் கண்ணாடியை உடைக்க வந்த ஒரு ஆளை இவள் பேசியே பஸ் ஏற்றி அனுப்பிய கதை வந்தது. அந்தக் கதை அவருக்குத் தெரியாது. தான் பிரசவத்தில் எவ்வளவு பயந்தாள் என்று மகளிடம் சொன்னாள். அதுவும் அவருக்குத் தெரியாது. ஒரே வீட்டில், ஒரே மேஜையில் சாப்பிட்டுக்கொண்டு, இதையெல்லாம் தெரியாமல் எப்படி இருந்தோம் என்று அவருக்கே வெட்கமாக இருந்தது. குரல் இடையிடையே உடைந்தது. அவள் இருமினாள், ஒரு வாய் தண்ணீர் குடித்தாள், விட்ட இடத்திலிருந்து அதே வேகத்தில் பிடித்துக்கொண்டாள்.

கடைசியாகப் போனை வைத்தபோது தெருவிளக்கு எரிய ஆரம்பித்திருந்தது. அவள் கண்ணை மூடித் தலையைச் சுவரில் சாய்த்துக்கொண்டாள். இனி என்ன கேட்பது? அவர் புத்தகத்தை எடுத்துப் பைக்குள் வைக்கப் போனார்.

“வைங்க” என்றாள். எழுந்து வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். “இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கு. சீக்கிரம் எடுங்க, எந்தப் பக்கம்?”

அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நாடாக்கள் விரலில் சிக்கின. ஒருவழியாகப் பக்கத்தைத் திருப்பி, அவளும் பார்க்கிற மாதிரி புத்தகத்தை நடுவில் குறுக்காக வைத்தார். முதல் வரி அவருடையது. சொன்னார். அடுத்த வரியை அவள் சொன்னாள். நிறுத்தமில்லை, மூச்சில்லை, மழையில் ஓடி வருகிறவள் மாதிரி வந்து சேர்ந்தாள். குரலின் பாதிதான் வெளியே வந்தது, மீதி காற்று. ஆனாலும் அது அவள் குரல். மேடை எண்ணைச் சேர்த்துச் சொல்லி விழுந்து விழுந்து சிரித்தவளின் குரல்.

மூன்றாவது வரி அவருடையது. எழுத்துகள் கண்ணுக்குத் தெரிந்தன. வாயைத் திறந்தார். ஒரு சொல்கூட வரவில்லை.

“உங்க பக்கம்” என்றாள்.

தலையை ஆட்டினார். மறுபடி முயன்றார். வந்ததெல்லாம் அழுகைதான். இத்தனை வயசுக்கு மேல் பெண்டாட்டிக்கு முன்னால் இப்படித் தேம்பித் தேம்பி அழுவார் என்று அவரே எதிர்பார்க்கவில்லை. இதற்காகத்தானே இத்தனை நாள் தவித்தார்! அவள் குரல் இருக்கிறது, எதிரே உட்கார்ந்திருக்கிறாள், சொல்லத் தயாராக இருக்கிறாள். இன்றைக்கென்று பார்த்து அவர் குரல் அவரை விட்டுப் போனது.

“நல்ல ஆளுய்யா நீங்க” என்றாள். கை நீட்டி அவர் முழங்கையை ஒரு தட்டுத் தட்டினாள். பிறகு புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு அவருடைய வரியையும் தானே சொன்னாள். அதற்கடுத்து அவள் வரி. மறுபடி அவர் வரி. எங்காவது ஒரு வரியில் சேர்ந்துகொள்ளலாம் என்று அவர் ஒவ்வொரு முறையும் வாயைத் திறந்தார். அதற்குள் அவள் அந்த வரியைத் தாண்டிப் போயிருந்தாள். திருப்பாடல் முடிந்தது, வாசகம் முடிந்தது, மரியாவின் பாடல் முடிந்தது. மன்றாட்டுகளில் அவள் குரல் ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் போனது. உதடு மட்டும் ஓடியது. கர்த்தர் கற்பித்த செபத்தை இரண்டு பக்கமும் சேர்ந்துதான் சொல்ல வேண்டும். அதையும் அவள் ஒருத்தியே சொன்னாள்.

கடைசியில் அவர் வாயிலிருந்து ‘ஆமென்’ வந்தது. அதற்குள் அவள் எழுந்து, ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போக வேண்டிய துணிகளை மடிக்கப் போய்விட்டிருந்தாள்.