மூன்றாவது சைபர்

இந்தக் காலத்தில் எதைக் கேட்டாலும் பதில் வருவதில்லை, விளக்கம்தான் வருகிறது. கிளினிக்கில் கேட்டால் விளக்கம், பேங்கில் கேட்டால் விளக்கம். ஆமாம், இல்லை என்று ஒரு சொல்லில் முடிக்கத் தெரிந்த ஆட்கள் எல்லாம் செத்துப் போய்விட்டார்கள் போலிருக்கிறது. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். ஒருத்தர் விளக்க ஆரம்பித்தாலே எதையோ மறைக்கிறார் என்றுதான் எடுத்துக்கொள்வேன்.

சிங்கப்பூரில், ஜூரோங்கில் ஒரு கப்பல் யார்டில் எனக்குக் கூட்டிப் பெருக்குகிற வேலை. கேட்டுக்கு உள்ளே ஒரு பச்சை போர்டு இருக்கிறது. ஆக்சிடென்ட் இல்லாமல் எத்தனை நாள் போயிருக்கிறது என்று அதில் நம்பர் தொங்கும். மூன்று கொக்கி, மூன்று தகரத் தகடு. தினமும் காலையில் ஆட்கள் வேலைக்கு முன்னால் வரிசையில் நிற்கிறார்களே, அதற்குள் நம்பரை மாற்றிவிட வேண்டும். அதுவும் என் வேலைதான். இங்கிலீஷ் தெரியாது, நம்பர் தெரியும்.

திங்கட்கிழமை 412. அன்றைக்குத்தான் முத்துசாமி விழுந்தான்.

பெயின்ட் அடிக்கிறவன். புக்கிட் பாத்தோக்கில் எனக்கு அடுத்த பிளாக்கில் வீடு. இருபத்திரண்டு வருஷம் கம்பெனி பஸ்ஸில் ஒரே சீட்டில் வந்தோம், அவன் ஜன்னல் பக்கம். அன்றைக்குப் பஸ்ஸில் நெஞ்சைத் தடவிக்கொண்டு, "பாய், உள்ள என்னமோ பிசையுது. இப்படியே எறங்கி வீட்டுக்குப் போயிரட்டுமா?" என்றான்.

"நேத்து எங்க வீட்டு பிரியாணிய அந்தக் கட்டு கட்டுனா பிசையத்தான் செய்யும். பேசாம உக்காரு லா."

சிரித்தான். உட்கார்ந்துவிட்டான். பத்து மணிக்குக் கப்பலின் டாங்கிக்குள் ஏணியில் ஏறும்போது விழுந்தான். சாயங்காலம் ஆஸ்பத்திரியில் எல்லாம் முடிந்துவிட்டது. அவன் பெண்சாதி சந்திரமதி அங்கே என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "காலைல உங்ககூடதானேண்ணே வந்தாரு. ஏதாச்சும் சொன்னாரா?"

"ஒண்ணும் சொல்லலம்மா" என்றேன்.

மறுநாள் யாரையும் கேட்காமல் சைபர் மாட்டினேன். மூன்று சைபர். முதல் கொக்கிக்கான சைபர் பத்து மாசத்துக்கு மேல் வெளியே வராமல் பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே கிடந்தது. தூசியைச் சட்டையில் துடைத்து மாட்டினேன்.

இனியா ஓடி வந்தது. பாதுகாப்பு ஆபீஸ் பிள்ளை, என் கடைசி மகளைவிடச் சின்ன வயசு. கண் வீங்கியிருந்தது. அழுதிருக்கிறது, அதை நான் இல்லையென்று சொல்லவில்லை.

"அங்கிள், யாரு மாத்தச் சொன்னா?"

"யாரும் சொல்லல. ஆள் செத்துட்டான்."

"எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு அங்கிள். ஆனா இது இன்சிடென்ட். ஆக்சிடென்ட் இல்ல."

"ரெண்டும் என்ன?"

விளக்க ஆரம்பித்தது. என்ன நடந்தாலும் அது இன்சிடென்ட்டாம். வேலையில் இருக்கிற கோளாறால் ஆளுக்கு அடிபட்டால்தான் இந்த போர்டுக்கு அது ஆக்சிடென்ட்டாம். ஏணி சரி, பெல்ட்டு சரி, ஹெல்மெட் சரி. ஹார்ட் அட்டாக் என்று டாக்டரே எழுதிவிட்டார். ஏணியில் வந்தது வீட்டில் சோபாவில் உட்கார்ந்திருந்தாலும் வந்திருக்கும். "யாரோட ஃபால்ட்டும் இல்ல அங்கிள்" என்று முடித்தது.

ஆறுதலாகத்தான் சொன்னது. எனக்கு அந்த ஆறுதல் பிடிக்கவில்லை.

"பஸ்ல எங்கிட்ட சொன்னான்மா, நெஞ்சு பிசையுதுன்னு. எறங்குறேன்னான். நான்தான் உக்காருன்னேன். அது ரெண்டுல எது?"

பேனாவைத் திறந்து மூடிக்கொண்டு நின்றது. அப்புறம் குரலை இறக்கி, "அத யார்கிட்டயும் சொல்லாதீங்க அங்கிள். உங்களுக்காகத்தான் சொல்றேன்" என்றது.

இருக்கலாம். எனக்காகவே இருக்கலாம். ஆனால் நேற்று ஆஸ்பத்திரியில் நானே எனக்காக அதைத்தான் செய்தேன். அதை மறுபடியும் இன்னொருத்தர் வாயில் கேட்க முடியவில்லை.

மூன்று சைபரையும் கழற்றினேன். இரண்டைத் தகடு வைக்கிற பெட்டிக்குள் போட்டேன். இனியா 4, 1, 3 என்று தேடி எடுத்து, எட்டாமல் நுனிக்காலில் நின்று மாட்டியது. நான் பிடித்துக் கொடுக்கவில்லை. ஆட்கள் வரிசைக்கு வந்துகொண்டிருந்தார்கள். போர்டைப் பார்த்தவன் ஒருத்தன், தலையைக் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டினான். ஏற்கெனவே கட்டியிருந்த கயிறு.

"அங்கிள், எங்க போறீங்க? வேலை இருக்கே?"

துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு கேட்டைத் தாண்டினேன். இன்சிடென்ட், ஆக்சிடென்ட். அந்தப் பிள்ளை சொன்னது சரியாகவே இருந்துவிட்டுப் போகட்டும். படித்த பிள்ளை. எனக்கு மட்டும் அது உள்ளே இறங்கவில்லை.

சந்திரமதி வீட்டு பிளாக்குக்குக் கீழே பதினொரு மணிக்கு முத்துசாமியை எடுக்கிறார்கள். ரோட்டைத் தாண்டி பஸ் ஸ்டாப்புக்கு வந்தபோதுதான் கவனித்தேன், மூன்றாவது தகடு கையிலேயே வந்துவிட்டது. திருப்பிக் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. சந்திரமதியிடம் என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டே நாலு எட்டு முன்னால் நடந்தேன். தூரத்தில் பஸ் வந்தது. நிறுத்தச் சொல்லிக் கையைத் தூக்கினேன், சைபர் இருந்த கையை.