நெஞ்சுக்கறிப் பங்கு

மாதேஸ்வரனுக்கு எழுபத்தொரு வயது. பேரன் பேத்தி எடுத்தாயிற்று, பல்லில் பாதி போயிற்று, மிளகு பறிக்க மூங்கில் ஏணியில் ஏறுவதை நிறுத்தியும் நாளாயிற்று. ஆனாலும் மலைமேல் ஆலத்தூர் நாட்டில் அவருடைய ஊர்க்காரர்களுக்கு அவர் இன்னமும் சின்னவர்தான். ஏனென்றால் பெரியவர் இருக்கிறார். அப்பா குழந்தைசாமிக்குத் தொண்ணூற்றாறு. அவர்தான் ஊர்க்கவுண்டர். ஊருக்குத் தலைவர் என்ற அந்தப் பட்டம் சாகும் வரைக்கும் உண்டு, அதற்குப் பிறகு மூத்த மகனுக்கு. ஓய்வு, ராஜினாமா எல்லாம் மலைக்குக் கீழே ஆபீஸில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு.

ஊர்க்கவுண்டர் தலையில் கட்டும் வெள்ளை உருமாலுக்கு மாதேஸ்வரன் காத்திருக்கத் தொடங்கியது இருபத்தேழு வயதில், அப்பாவுக்கு மஞ்சள் காமாலை கண்டபோது. அன்றைக்கு மகன் கதறி அழுதது உண்மை. அழுதுகொண்டே, ஊர்க்கூட்டத்தில் எப்படி உட்காருவது, எப்படித் தொண்டையைச் செருமுவது என்று ஒருமுறை நினைத்துப் பார்த்ததும் உண்மை. அப்பா பத்தே நாளில் எழுந்து உட்கார்ந்து களி கேட்டார். அதற்குப் பிறகு படுக்கவே இல்லை. மகனை நான் குறை சொல்ல மாட்டேன். வேளாவேளைக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்து, கால் பிடித்துவிட்டு, அப்பாவைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டதும் அதே மனிதர்தான். பாசமும் பட்டத்து ஆசையும் நாற்பத்துநான்கு வருடம் ஒரே நெஞ்சில் சண்டையில்லாமல் குடியிருந்தன.

அந்தக் குடித்தனத்தைக் கலைக்க டாக்டர் சுமித்ரா வந்து சேர்ந்தார். பட்டணத்தில் ஏதோ ஒரு ஆராய்ச்சிக்கூடம். மலையடிவாரத்துக் காரவள்ளியில் தொடங்கும் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைத் தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டியபடியே கடந்து, முகம் வெளுத்து இறங்கினார். தொண்ணூறு தாண்டியவர்களின் ரத்தமும் அவர்கள் பிள்ளைகளின் ரத்தமும் வேண்டும் என்றார். எல்லோரையும் வெறும் வயிற்றோடு பள்ளிக்கூடத்துக்கு வரவழைத்து எடுத்துக்கொண்டு போனார். நான்கு மாதம் கழித்துக் காகிதங்களோடு திரும்பி வந்தார்.

முடிவைத் தனியாகச் சொல்ல வேண்டும் என்றுதான் அவர் சொன்னார். அந்த ஊரில் தனி என்று ஓர் இடம் கிடையாது. பலாமரத்தடியில் நாற்காலி போட்டார்கள், சுற்றிலும் இருபது பேர் மிளகு காயவைக்கும் சாக்கில் நின்றார்கள்.

"ஐயாவோட கெட்ட கொழுப்பு வெறும் அம்பத்துநாலு," என்றார் டாக்டர். "அவர் உடம்புல ஒரு மரபணு கொஞ்சம் மாறியிருக்கு. அதனால ரத்தத்துல இருக்கற கொழுப்பைக் கல்லீரல் அதிகமா வாரி எடுத்துக்குது. ரத்தக்குழாய் அடைக்கறதில்லை. இத்தனை வருஷம் இருக்கறதுக்கு அதுவும் ஒரு காரணமா இருக்கலாம்."

இருக்கலாம் என்ற சொல் ஒருவர் காதிலும் ஏறவில்லை. பெரியவர் இப்போதைக்கு நகரமாட்டார் என்பதுதான் ஏறியது.

"அது புள்ளைங்களுக்கும் வருங்களா?" என்று மாதேஸ்வரன் கேட்டார். குரல் சாதாரணமாக இருக்கட்டும் என்று ரொம்பப் பாடுபட்டார்.

"பாதிக்குப் பாதிதான். ஒருத்தருக்கு வரும், ஒருத்தருக்கு வராது." டாக்டர் காகிதத்தைப் பார்த்தார். "உங்க தம்பி ராசப்பனுக்கு வந்திருக்கு. உங்களுக்கு வரலைங்க. உங்க கெட்ட கொழுப்பு இருநூத்திப் பன்னெண்டு. மாத்திரை எழுதித் தரேன். கொழுப்புக் கறியைத் தொடாதீங்க."

அந்த ஊர் வழக்கப்படி, பட்டத்துக்கு உரிய மூத்த மகன் அப்பாவுக்கு முன்னால் போய்விட்டால் உருமால் அடுத்த தம்பிக்கு. செத்தவன் மகனுக்குப் போகாது. அறுபத்துமூன்று வயது ராசப்பன் அதுவரை இதைப் பற்றி நினைத்தவரே இல்லை, மரவள்ளி உண்டு, பீடி உண்டு என்று கிடந்தவர். மறுநாளிலிருந்து பஸ்ஸில் அவருக்கு எழுந்து இடம் கொடுத்தார்கள். ஒரு வாரத்தில் அவரும் பேசுவதற்கு முன்னால் தொண்டையைச் செருமத் தொடங்கினார். அதைக் கேட்ட அன்று மாதேஸ்வரனுக்குச் சோறு இறங்கவில்லை.

எழுபத்தொரு வயதில் அந்த மனிதர் அப்பாவோடு ஓட்டப்பந்தயத்தில் இறங்கினார். விடிந்ததும் கைவீசி நடந்தார். வீட்டில் ஆட்டுக்கறி நின்றது, தேங்காய் நின்றது, எண்ணெய்ச் சட்டி கவிழ்ந்தே கிடந்தது. களியும் கீரையும், கீரையும் களியும்.

"ஏனுங்க, தலையில ஒரு துணி கட்டறதுக்காவ இப்படி வாயைக் கட்டோணுமா?" என்று மனைவி பாவாயி கேட்டாள்.

"உனக்குத் தெரியாது, கம்முனு இரு," என்றார். அப்பா சாகும்வரை சாகாமல் இருக்கப் பார்க்கிறேன் என்று எந்த மகன் வாய்விட்டுச் சொல்வான்?

மூன்று மாதத்தில் இடுப்பில் வேட்டி நிற்காமல் நழுவியது. இருநூற்றுப் பன்னிரண்டு நூற்று முப்பதாக இறங்கியது. மாதேஸ்வரனுக்குப் பழைய நம்பிக்கை மெல்லத் தலைதூக்கிய நேரத்தில் ஆடி மாதமும் கோயில் கிடாவெட்டும் வந்தன.

கிடாவின் நெஞ்சுக்கறி ஊர்க்கவுண்டர் பங்கு. சாமைச் சோறு பரிமாறியதும் அவர் தன் பங்கிலிருந்து ஒரு துண்டை எடுத்துப் பட்டத்துக்கு உரியவன் இலையில் தன் கையால் வைக்க வேண்டும். அவன் ஊர் பார்க்க அதைத் தின்ன வேண்டும். மிச்சம் வைத்தால் பட்டம் வேண்டாம் என்று அர்த்தம். வருடத்துக்கு ஒரு துண்டுதானே, தலைபோகாது என்று மாதேஸ்வரன் கணக்குப் போட்டிருந்தார். அப்பாவுக்கு நெஞ்சுக்கறி என்றால் உயிர். இத்தனை வருடமும் மகன் இலையில் விழுந்தது ஒரு எலும்புதான்.

இந்த வருடம் குழந்தைசாமி தட்டோடு எழுந்து வந்தார். மொத்தத்தையும் மகன் இலையில் சரித்தார். இரண்டு விரல் கனத்துக்குக் கொழுப்பு, வெள்ளை வெளேரென்று நெய் வடிந்தது.

"எல்லாத்தையுமா, அப்பா?"

"தின்னு, சாமி." கிழவர் மகனுக்கு எதிரே மெதுவாக உட்கார்ந்தார். "அந்த டாக்டரம்மாகிட்டக் கேட்டுப் பாத்தேன். என் ரத்தத்துல ஒரு பாட்டில் புடிச்சு எம் பையனுக்கு ஏத்திவுடுங்க, நான் இருந்த வரைக்கும் போதும்னேன். அது ஆவாதுன்னு சொல்லிப்போட்டாங்க. கறி ஆவாதுன்னு அந்தம்மா என்ன சொன்னாலும், எனக்குத் தெரிஞ்சு இத்தனை வருசமா நான் தின்னது இதைத்தான், என்னை இருக்க வெச்சதும் இதுதான். இனிமே எனக்கு வேண்டாம். ஞாயித்துக்கிழமைக் கறியும் இனி உனக்குத்தான், நானே வந்து வெப்பேன். எலும்புந்தோலுமா ஆயிட்டயே, கண்ணு."

மாதேஸ்வரனுக்கு வெட்கத்தில் உடம்பு கூசியது. நாற்பத்துநான்கு வருடம் அவர் அப்பாவின் நாட்களை எண்ணிக்கொண்டிருந்தார். அந்த மனிதரோ தன் நாட்களை எப்படி மகனுக்குக் கொடுப்பது என்று ஊருக்குப் புதிதாய் வந்த டாக்டரிடம் கெஞ்சியிருக்கிறார். எனக்கு இது ஆகாது அப்பா, என்று ஒரு வார்த்தை சொல்லிவிடலாம். டாக்டர் சொன்னது இருக்கட்டும், எதற்காக இந்த வயதில் மூன்று மாதம் கீரை தின்றாய் என்று அடுத்த கேள்வி வரும். அதற்குப் பதிலை அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது?

பக்கத்து இலையில் ராசப்பன் தொண்டையைச் செருமினார்.

மாதேஸ்வரன் முதல் துண்டை எடுத்து வாயில் போட்டார். ருசி என்னவோ பிரமாதமாகத்தான் இருந்தது. அவர் மென்று விழுங்கும் ஒவ்வொரு வாயையும் அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார். இலை காலியான பிறகுதான் தன் இலைக்குப் போய், வெறும் சாமைச் சோற்றில் கை வைத்தார்.

"நல்லாத் தின்னே, சாமி," என்றார் அங்கிருந்தபடியே. "அடுத்த வருசமும் என் கையாலதான் வெப்பேன்."