கரைவாகானிடம் கேட்ட பொருத்தம்

ஷட்டர் பாதிதான் உயர்ந்தது. நுஸ்ஹா குனிந்து உள்ளே நுழைந்தபோது முக்காடு தகரத்தில் கொளுவிக் கிழிந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"மையித்து ஊட்டுப் புள்ள இங்க என்னகா செய்யிறாய்?" சபூறா ஷட்டரைத் தாங்கியபடி நின்றாள். கொமியூனிகேஷன் கடைக்காரர் பளீலின் மனைவி. கடைக்குப் பின்னால்தான் வீடு. "கடை பூட்டு. அவரும் உங்கட வாப்பாட ஜனாஸா அடக்கத்துக்குத்தான் போயிரிக்காரு."

"ராத்தா, கம்பியூட்டரப் போடுங்க. அல்லாஹ்வுக்காகப் போடுங்க. வாப்பாவ வச்ச சந்தூக்கப் பள்ளிக்குத் தூக்கிட்டாங்க."

"உனக்கென்ன பித்தா புள்ள?"

"ஜனாஸாத் தொழுகைக்கு முதல், வாப்பாவப் பொறுக்கச் சொல்லி ஒருத்தர்ட்ட பொருத்தம் கேக்கணும். அவர் ஊர்ல இல்ல. இதுக்குள்ளதான் இரிக்காரு."

சபூறா மேசையில் துணி மூடிக் கிடந்த பெட்டியைப் பார்த்தாள். நுஸ்ஹாவின் கிழிந்த முக்காட்டைப் பார்த்தாள். பிறகு சுவிட்சைப் போட்டாள்.

மோடம் கீச்சிட்டுக் கத்தத் தொடங்கியது. வழமையில் இந்தச் சத்தம் கேட்டால் வாப்பா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கதிரையை முன்னால் இழுத்துக்கொள்வார். அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்ற ஷரிபுதீனுக்குத் தட்டச்சு வராது. அவர் சொல்லச் சொல்ல மகள்தான் தமிழை ஆங்கில எழுத்தில் அடிப்பாள். வெளிநாட்டிலிருந்து யாரோ நடத்தும் இணையப் பக்கம் அது. ஊர்க்காரர்கள் உலகெங்கும் இருந்து வந்து அங்கே அரசியல் பேசுவார்கள். கரையோரத்துக்குத் தனி மாவட்டம் வேண்டுமா வேண்டாமா என்றுதான் தொடங்கியது. வேண்டாம் என்றவன் 'கரைவாகான்' என்ற புனைபெயரில் கட்டாரிலிருந்து எழுதினான். வாப்பா முதலில் அவன் சொன்ன திகதியைத் திருத்தினார். பிறகு எழுத்தைத் திருத்தினார். பிறகு ஆளைத் திருத்த வெளிக்கிட்டார். அவன் வாப்பாவைக் 'கண்ணாடிக் கொக்கு' என்றான். வாப்பா அவனை 'மூன்றாம் வகுப்பு' என்றார். மாவட்டம் எங்கேயோ போய்விட்டது.

போன கிழமை, அவன் யாருடைய மகன் என்று வாப்பா கண்டுபிடித்துவிட்டார். அன்று அவர் முகத்தில் பெருநாள் வெளிச்சம்.

"அடி மகள். தன்ட உம்மாட மையித்துக்கு ஒரு புடி மண் போட வராதவன், ஊருக்கு மாவட்டம் வேணுமா வேணாமா எண்டு கதைக்க வாறான்."

அவள் கை நின்றது. "வாப்பா, இது வேணாமே."

"நான் சொல்றத அடி. பிழை உடாம அடி."

ஒரு எழுத்து மாறி விழுந்ததை அழித்து, திருத்தி, அனுப்பினாள். அந்த வரியில் ஒரு பிழைகூட இல்லை.

பதிலை அவள் தனியாகத்தான் வாசித்தாள். 'என்ட பாஸ்போட் முதலாளிட கையில இரிந்திச்சி. காலப் புடிச்சுக் கேட்டும் தரல்ல. இத நான் பொறுக்க மாட்டன் ஷரிபுதீன் சேர். மறுமை நாளையில, மஹ்ஷர்ல உங்கட சட்டையப் புடிச்சுக் கேப்பன்.'

வீட்டுக்கு வந்தபோது வாப்பா நெஞ்சைத் தடவிக்கொண்டு படுத்திருந்தார். "என்ன சொல்றான்?"

"பதில் வரல்ல வாப்பா."

"வராது. வாயடைச்சுப் போயிரிப்பான்." சிரித்தார்.

இன்று விடியச் சுபஹுத் தொழுகைக்குக் கை கால் கழுவி உழூ எடுக்கப் போனவர் கிணற்றடியிலேயே சாய்ந்துவிட்டார். மையித்தைக் குளிப்பாட்டி முடிந்ததும் நுஸ்ஹா மூத்தவன் முஸ்தாக் காக்காவின் சட்டையைப் பிடித்து இழுத்து, ஒருத்தரிடம் தனியாகப் பொருத்தம் கேட்கவேண்டும் என்றாள். முஸ்தாக் சிவந்த கண்களோடு கையை உதறினான். "பள்ளியில எல்லாருக்கும் சேத்துத்தானே கேக்கப் போறன். உள்ள போ நுஸ்ஹா, ஆம்புளயள் நிக்கிறாங்க."

பக்கம் மெதுவாகத் திறந்தது. இந்த நேரம் அவன் வேலையிடத்துக் கம்பியூட்டரில் இருப்பான், எழுதினால் உடனே பதில் போடுவான் என்று அவளுக்குத் தெரியும். வாப்பாவின் பெயரிலேயே உள்ளே போய் அடித்தாள். 'இன்னாலில்லாஹி. ஷரிபுதீன் சேர் மௌத்தாகிட்டாங்க. இப்ப தொழுவிக்கப் போறாங்க. அவங்கள அல்லாஹ்வுக்காகப் பொறுத்துக்கங்க.'

பள்ளி ஒலிபெருக்கி கரகரத்தது. சபூறா முக்காட்டை இழுத்துவிட்டாள். "உங்கட காக்காதான்."

"எங்கட வாப்பா ஆரயும் மனம் நோகக் கதைச்சிரிந்தா," முஸ்தாக்கின் குரல் உடைந்தது, "அல்லாஹ்வுக்காகப் பொறுத்துக்கங்க."

"பொறுத்தம், பொறுத்தம்" என்று பெரிய இரைச்சலாகப் பதில் வந்தது. ஊரே பொறுத்தது.

திரையில் ஒரு வரி ஏறியது.

'மையித்து கம்பியூட்டர் அடிக்குதா? தோத்தா தோத்தெண்டு சொல்லும் கொக்கே. இன்னாலில்லாஹியையும் அரைவாசியில உட்டிட்டீர்.'

"என்னகா சொல்றாரு?"

"நம்புறாரு இல்ல ராத்தா." ஜனாஸாத் தொழுகையில் குனிவதும் இல்லை, நெற்றி வைக்கும் சுஜூதும் இல்லை. தொடங்கினால் நான்கு தக்பீரோடு சட்டென்று முடிந்துவிடும். பிறகு மண்தான்.

"ஆள் நீ எண்டு சொல்லு புள்ள. பேரச் சொல்லு."

'நான் அவங்கட மகள். வாப்பாக்கு அடிக்கத் தெரியாது. எல்லாம் நான்தான் அடிச்ச. உங்கட பதில நான் வாப்பாட்ட காட்டல்ல. அவங்களுக்குத் தெரியாமலே மௌத்தாகிட்டாங்க. பொறுத்துக்கங்க.'

அனுப்பினாள். திரை அசையவில்லை. வெளியே வீதியில் ஒரு சைக்கிள்கூட இல்லை. எல்லாரும் பள்ளியில். சபூறா உதடு அசைய எதையோ ஓதிக்கொண்டு நின்றாள்.

ஒலிபெருக்கியில் 'அல்லாஹு அக்பர்' என்று முதல் தக்பீர் கேட்டது.

நுஸ்ஹா பக்கத்தை மறுபடி திறந்தாள். ஒன்றுமில்லை. மறுபடி.

இரண்டாவது தக்பீர்.

இந்த முறை ஒரே ஒரு வரி இருந்தது. கேலியும் இல்லை, திருத்தமும் இல்லை. சபூறா தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். ஆங்கில எழுத்தில் கிடந்த தமிழ் அவளுக்கு வாசிக்க வரவில்லை.

"பொறுத்திட்டாராகா?"

நுஸ்ஹாவின் விரல்கள் எழுத்துகளின் மேலேயே நின்றன.

'வாப்பாக்குத் தெரியாது, அடிச்சது நீ எண்டா, நான் ஆரயம்மா பொறுக்கிற?'