இருபத்தேழு அங்குலம்

1

இது ஒரு கட்டுரையாகத்தான் பிறந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். வண்டிப் பயணங்களுக்கென்று நடக்கும் ஒரு சிறு பத்திரிகையிலிருந்து, 'பாதையில்லாத இடங்களில் மாதக்கணக்கில் சுற்றி வண்டியிலேயே தங்குவதற்கு ஒரு ஜீப்பை எப்படித் தயார்செய்வது' என்று இரண்டு பக்கம் கேட்டார்கள். எனக்கு வண்டி ஓட்டவே தெரியாது. ஆனால் ஆம்பூரில் என் கீழ்வீட்டு வாசலில் அப்படியொரு ஜீப் இரண்டு வருடமாகத் தயாராகிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் கூடமாட நின்று உதவியவன் நான்தான். அந்தத் தைரியத்தில் ஒப்புக்கொண்டேன்.

டயர், பாட்டரி, தண்ணீர்த் தொட்டி என்று மளமளவென்று எழுதிக்கொண்டு போனேன். 'படுக்கையின் அகலம்' என்று எழுதினேன். அதற்கு மேல் பேனா நகரவில்லை. எழுந்து தண்ணீர் குடித்தேன். உட்கார்ந்தேன். மறுபடி எழுந்தேன். நான்கு நாள் இப்படியே போனது.

கட்டுரை இன்னும் அவர்களுக்குப் போகவில்லை. அதற்குப் பதிலாக வந்தது இது.

2

மூன்று தொடக்கங்கள் எழுதினேன். மூன்றையும் அடிக்காமல் விட்டிருக்கிறேன்.

அ) 'ஏலத்தில் எடுத்த அந்தப் பழைய டீசல் ஜீப், லாரியின் முதுகில் ஆம்பூருக்கு வந்து இறங்கியபோது அதற்கு ஒரு கதவு இல்லை. இன்பராஜ் அதை மூன்று முறை சுற்றி வந்தார். பிறகு'

(நிறுத்திவிட்டேன். ஜீப்பைக் கதாநாயகனாக்கினால் மனிதர்கள் சுலபமாகத் தப்பித்துவிடுவார்கள்.)

ஆ) 'ஹெலன் தோலை விரலால் தொட்டே அதன் கனத்தைச் சொல்லிவிடுவாள்.'

(உண்மைதான். ஷூ கம்பெனியில், எந்தத் துண்டை எந்த அளவில் வெட்ட வேண்டும் என்று அட்டையில் வரைந்து கொடுக்கும் பேட்டர்ன் பிரிவில் அவருக்கு இருபத்திரண்டு வருட வேலை. ஆனால் நான் அவரை 'அக்கா' என்று கூப்பிடுகிறவன். கதைக்காக 'சொல்லிவிடுவாள்' என்று எழுதக் கை கூசியது.)

இ) 'ஞாயிற்றுக்கிழமை. இன்பராஜ் பலகையை ஒரு பக்கம் பிடித்தார். மறுபக்கம்'

மறுபக்கம் யார்? முதல் இரண்டு தொடக்கங்களிலும் நான் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். மறுபக்கம் பிடித்தவன் நான். இங்கிருந்து தொடங்குவதுதான் நியாயம்.

3

இன்பராஜும் ஹெலன் அக்காவும் கணவன் மனைவி. பிள்ளைகள் இல்லை. மூன்று பேருக்கும் ஒரே கம்பெனி. நான் பேக்கிங், இன்பராஜ் மெஷின் மெக்கானிக். அவருக்கு ஐம்பத்து மூன்று வயது. முந்நூறு தையல் மெஷின் ஓடும் கூடத்தில் எது நின்றாலும் மைக்கில் அவர் பெயர்தான் வரும். 'இன்பராஜ், லைன் மூணு. இன்பராஜ், லைன் ஏழு.' அவர் சாப்பிடும்போதும் வரும், கழிப்பறைக்குள் இருக்கும்போதும் வரும். ஒருநாள் எண்ணிப் பார்த்தேன். மதியத்துக்குள் நாற்பத்தோரு முறை.

வீட்டுக்கு வந்தாலும் அந்த மனிதரால் ஓரிடத்தில் உட்கார முடியாது. நாற்காலியில் உட்கார்ந்தால் முட்டி ஆடிக்கொண்டே இருக்கும். ஜீப் வந்த பிறகுதான் கைகால்களுக்கு ஒரு போக்கிடம் கிடைத்தது. ஆற்றில் இறங்கினாலும் இன்ஜினுக்குள் தண்ணீர் போகாதபடி காற்றுக் குழாயைக் கூரை உயரத்துக்கு ஏற்றினார். இரண்டாவது பாட்டரி வைத்து, அதில் ஓடும் சின்ன ஃபிரிட்ஜை வைத்தார். நாற்பது லிட்டர் தண்ணீர்த் தொட்டி. சேற்றில் மாட்டினால் எதிரே உள்ள மரத்தில் கட்டித் தன்னைத்தானே இழுத்துக்கொள்ள, முன்பக்கம் ஒரு வின்ச்.* பைபாஸ் ஓரம் சீட் கடை வைத்திருக்கும் அஃப்ரோஸ், ஏற்றுமதியில் கழித்த தோலில் உறை தைத்துக் கொடுத்தார். ஓட்டுநர் சீட் பழுப்பு. தோல் போதாததால் பக்கத்துச் சீட் கறுப்பு.

(*ஆம்பூரைச் சுற்றி அதைக் கட்டும் அளவுக்குப் பெரிய மரம் எங்கே இருக்கிறது என்று நான் கேட்டேன். "இங்க இன்னாத்துக்குடா கட்டணும்? இங்கேருந்து போறதுக்குத்தான் இத்தனையும்" என்றார்.)

ஹெலன் அக்கா மொட்டைமாடியில் தக்காளியைக் காயவைத்துப் பொடி செய்தார். ஒவ்வொரு பொடிக்கும் ஒரு துணிப்பை தைத்து, மேலே பேனாவால் பெயர் எழுதினார். "லடாக்ல, அவ்ளோ ஒசரத்துல பருப்பு வேகாதாம் தம்பி. அதான் வறுத்து அரைச்சு வெக்கிறேன்" என்றார். இன்பராஜ் வண்டிக்கென்று வைத்திருந்த நோட்டை அவரைவிட இவர்தான் அதிகமாகப் படித்தார். ஒருநாள் கொடியில் இரண்டு கம்பளி ஸ்வெட்டர்கள் காய்ந்தன. வேலூர் போய் வாங்கிவந்து, துவைத்துப் போட்டிருந்தார். ஒன்று பெரியது, ஒன்று சின்னது.

நான் அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமைதான் படுக்கைக்குப் பலகை பிடித்திருந்தேன்.

4

அன்று நடந்தது இவ்வளவுதான். ஜீப்பின் பின்பகுதியில் இடதுபக்கம் முழுக்க இழுப்பறைகளும் தண்ணீர்த் தொட்டியும் வந்துவிட்டன. வலதுபக்கம் படுக்கை. இன்பராஜ் டேப்பை இழுத்து "இருபத்தேழு" என்றார். நான் பென்சிலால் குறித்தேன். அப்போதே ஒரு கேள்வி தொண்டைவரை வந்தது. வெயில் ஜாஸ்தி, பசி வேறு. அடுத்தவர் குடும்ப விஷயம் நமக்கெதற்கு என்று விழுங்கிவிட்டேன். மறுவாரம் கொடியில் ஸ்வெட்டரைப் பார்த்தபோது அந்தக் கேள்வி திரும்ப வந்தது. அப்போதும் விழுங்கினேன்.

தமிழில் ஒரு வசதி இருக்கிறது. வசதியா ஆபத்தா என்று இப்போது தெரியவில்லை. 'போவணும்' என்றால் போதும், யார் என்று சொல்ல வேண்டியதில்லை. இரண்டு வருடமாக இன்பராஜ் அப்படித்தான் பேசிவந்தார். "ஜூன்ல கெளம்பணும்." "லடாக் போவணும்." "மூணு மாசம் சுத்தணும்." அவர் சொன்னது 'நான்'. ஹெலன் அக்காவின் காதில் விழுந்தது 'நாம'. ஒரே சொல்லுக்குள் இரண்டு பேரும் தனித்தனியாகக் குடியிருந்தார்கள். சுவருக்கு அந்தப்பக்கம் என்ன நடக்கிறதென்று இருவருக்கும் தெரியாது.

(இந்தப் பத்தியை எடுத்துவிடலாமா என்று பலமுறை யோசித்தேன். இலக்கணத்தின்மேல் பழியைப் போட்டு நான் ஒதுங்கிக்கொள்வதுபோல் இருக்கிறது. இருக்கட்டும்.)

5

மே மாதம், ஒரு ஞாயிறு காலை. ஹெலன் அக்கா கையில் டேப்போடு வாசலுக்கு வந்தார்.

"ஏங்க, மெத்தைக்கு நானே ஒற வெட்டித் தர்றேன். அளவு மட்டும் எடுத்துக்கறேன்."

இன்பராஜ் சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்திருந்தார். அக்கா பின்கதவைத் திறந்து ஏறினார். நீளம் எடுத்தார். அகலம் எடுத்தார். அகலத்தை மறுபடி எடுத்தார்.

"இருபத்தேழு. மீதி எங்க?"

"இன்னா மீதி?"

"இது ஒரு ஆளு படுக்கிறதுங்க."

இன்பராஜ் எழுந்து கையைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "மேல ஒரு கூடாரம் போட்டுக்கலாம்."

"யாருக்கு?"

இன்பராஜ் கைத்துணியை உதறி மடித்தார்.

"உனக்குக் குளிரு ஒத்துக்காதுன்னு நெனச்சேன்" என்றார் கடைசியில்.

"நீங்களா நெனச்சிக்கிட்டீங்க." அக்கா டேப்பைச் சுருட்டினார். "நான் வெள்ளிக்கெழம வேலைய விடுறேன்னு எழுதிக் குடுத்துட்டேன்."

"இன்னாது?"

"உங்களுக்கு மூணு மாசம் லீவு குடுத்தாங்க. எனக்கு முடியாதுன்ட்டாங்க. வேற இன்னா பண்ணுவேன்? மெத்தைய தெச்சு, விரிச்சுப் போட்டுட்டு சொல்லலாம்னு இருந்தேன்."

இன்பராஜ் அப்படியே பம்பரில் உட்கார்ந்துவிட்டார். அவர் முட்டி ஆடாமல் இருந்ததை அன்றுதான் பார்த்தேன்.

"உன் மேல ஒரு கோவமும் இல்ல ஹெலன். நாள் பூரா என் பேரக் கூப்டுறானுங்க. காது உள்ளயே கேட்டுக்கிட்டு கெடக்குது. யாரும் கூப்டாத எடத்துல கொஞ்ச நாளு இருக்கணும். அவ்ளோதான். சத்தியமா அவ்ளோதான்."

"அத சொல்லியிருந்தா, போய்ட்டு வாங்கன்னு நானே கட்டிக் குடுத்து அனுப்பியிருப்பேன். ரெண்டு வருசமா கூடவே வெச்சிக்கிட்டு…" பாதியில் விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "பஞ்சாட்சரம், பலகை புடிச்சது நீங்கதானே?"

"ஆமாக்கா."

"அப்ப உங்களுக்கும் தெரியும்."

(முதல் பிரதியில் இந்த இடத்தில் எனக்கு ஒரு நல்ல பதில் எழுதியிருந்தேன். 'தெரியும்க்கா, சொல்லாதது என் தப்பு' என்று. படிக்க நன்றாக இருந்தது. நான் அப்படிச் சொல்லவில்லை. என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.)

6

இன்பராஜை என்ன செய்வது? கெட்டவராக எழுதினால் கதை சீக்கிரம் முடிந்துவிடும். பாவமாக எழுதினால் அக்காவுக்குத் துரோகம். இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் அவர் என்னைத் திரும்பிப் பார்த்து, 'நீ ரொம்ப யோக்கியனா?' என்றார். அதனால் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

அந்த வாரம் முழுக்கக் கீழ்வீட்டில் பேச்சுக்குரலே கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு, முழுச் சுமையோடு வண்டி எப்படி இழுக்கிறது என்று பார்க்க மாதனூர்ப் பக்கம் பாலாற்று மணலில் ஓட்டிப் பார்ப்பதாக இருந்தது. தண்ணீர், டீசல், பொடிப்பைகள் எல்லாம் ஏற்றியாகிவிட்டது. "நானும் வர்றேன்" என்று அக்கா பின்னால் ஏறிக்கொண்டார். இன்பராஜ் வண்டியைக் கிளப்பினார்.

நடு ஆற்றில் பின்சக்கரங்கள் மணலுக்குள் இறங்கிவிட்டன. முடுக்க முடுக்க இன்னும் ஆழமாகப் போயின. வின்ச்சைக் கட்ட எதிரே ஒரு மரமும் இல்லை. நானும் இன்பராஜும் மண்வெட்டியால் தோண்டி, சக்கரத்துக்கு அடியில் பலகை கொடுத்தோம். யாராவது ஓட்ட வேண்டும், இரண்டு பேர் தள்ள வேண்டும். அக்காவுக்கு லைசென்ஸ் உண்டு. கல்யாணமான புதிதில் இன்பராஜே கற்றுக்கொடுத்தது.

அக்கா பழுப்புச் சீட்டில் உட்கார்ந்து சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டார். "டயர்ல காத்து ஜாஸ்தி. பதினெட்டுக்கு எறக்குங்க. உங்க நோட்டுல நீங்கதானே எழுதியிருக்கீங்க."

இன்பராஜ் மறுபேச்சில்லாமல் நான்கு டயரிலும் காற்றை இறக்கினார். அக்கா நான்கு சக்கரத்தையும் இழுக்கவைக்கும் சின்னக் கம்பியைப் போட்டு, மெதுவாக, மிக மெதுவாகக் கால் கொடுத்தார். நாங்கள் தள்ளினோம். ஜீப் ஒரு குலுக்கலில் மேலே வந்தது.

"நிறுத்தாத ஹெலன்! நடுவுல நிறுத்தாத! கெட்டித் தரை வர்ற வரைக்கும் போய்க்கினே இரு!" என்று இன்பராஜ் கத்தினார்.

அக்கா நிறுத்தவில்லை. மணலைக் கடந்து கரையேறினார். கெட்டித் தரை வந்தது. பின்னால் சிவப்பு விளக்கு ஒருமுறை எரிந்து அணைந்தது. பிறகு ஜீப் ரோட்டில் திரும்பிப் போய்விட்டது.

"திருப்பிக்கினு வருவா" என்றார் இன்பராஜ்.

மண்வெட்டியோடு ஒரு மணி நேரம் நின்றோம். மணல் சுட்டது. செய்தி என் ஃபோனுக்குத்தான் வந்தது. 'வண்டி நல்லா ஓடுது. கறிக்கொழம்பு வீட்டு ஃபிரிட்ஜ்ல இருக்கு, அவர சூடு பண்ணி சாப்பிட சொல்லுங்க. தேட வேணாம்.'

அவரிடம் காட்டினேன். இரண்டு முறை படித்தார். "நாலாவது கியர்ல கொஞ்சம் சத்தம் வரும். அவ பயந்துடப் போறா" என்றார். பிறகு மணலில் உட்கார்ந்து, முகத்தைக் கையால் மூடிக்கொண்டார்.

7

முடிவுகளும் மூன்று எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அக்கா சாயங்காலமே சிரித்துக்கொண்டு திரும்பி வந்தார். அது பொய். இன்னொன்றில் ஜவ்வாது மலை வளைவு ஒன்றில் ஜீப்பைக் கவிழ்த்தேன். எழுதிய மறுநிமிடம் என் மேலேயே வெறுப்பு வந்து கிழித்துப் போட்டேன். மூன்றாவதில், அக்கா தனியாகவே லடாக் வரைக்கும் போய்ச் சேர்ந்தார். கைதட்டல் வாங்கித் தரும் முடிவுதான். ஆனால் அது நான் அவருக்குக் கொடுக்கும் லஞ்சம்.

எனக்குத் தெரிந்தது இது மட்டும். புதன்கிழமை மதியம் கம்பெனி கேண்டீனில் என் ஃபோன் அடித்தது. அக்கா. "அவர்கிட்ட குடுங்க தம்பி" என்றார். கொடுத்தேன். இன்பராஜ் சோற்றுக்கையை அப்படியே தூக்கிப் பிடித்துக்கொண்டு, இடக்கையால் வாங்கினார். அவர் பேசியதை மட்டும் எழுதுகிறேன். அந்தப் பக்கத்துக்கு இடம் விட்டிருக்கிறேன்.

"நான்தான்."

…

"இல்ல, சாப்டுக்கினுதான் இருக்கேன். வண்டிக்கு ஒண்ணும் ஆவலையே?"

…

"ஸ்டியரிங் இடது பக்கம் இழுக்குதா? காத்து கம்மியாவே ஓட்டுறியா? ரோட்டுக்கு வந்துட்டா முப்பது வெச்சிக்கோ."

…

"ம்."

…

"ம். அது எனக்கும் தெரியுது."

…

(இங்கே வெகுநேரம் அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். சோற்றுக்கை காய்ந்துபோனது. எதிர் மேசையில் இருந்தவர்கள் எழுந்து போனார்கள்.)

"எத்தன நாளு?"

…

"நானா?"

…

"இல்ல, அப்டி இல்ல. எனக்கு எங்க படுத்தாலும் தூக்கம் வரும். அது பத்தி இல்ல. நீ…"

…

"சரி. நான் ஒண்ணும் பேசல. நீ சொல்லு."

…

"நீ இருக்கிற எடத்துக்கு பஸ் வருமா ஹெலன்?"

அவர் ஃபோனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டார். பதில் வந்தது. வந்ததை அவர் முகத்தில் பார்த்தேன். எனக்குக் கேட்கவில்லை, நான் கேட்கவும் இல்லை. இந்த ஒருமுறை வாயை மூடிக்கொண்டிருந்தது சரியென்றுதான் நினைக்கிறேன்.

அக்கா என்ன சொல்லியிருப்பார் என்று நீங்கள் எழுதுங்கள். அவசரம் வேண்டாம்.